தண்ணீர் கேட்டு நின்றவர்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கதை நோட்டுகள் மூட மறுத்தன. அதுதான் முதல் புகார். பசை காய்ந்து, காகிதத்தின்மேல் காகிதம் ஏறி, ஒவ்வொன்றும் வயிறு உப்பிக் கிடக்கும். அடுக்கினால் சரியும். பையில் வைத்தால் அறிவியல் புத்தகத்துக்கு இடம் இருக்காது. தலைமையாசிரியர் அதில் ஒன்றை எடுத்துத் தன் மேசையில் வைத்து, மேலே பேப்பர் வெயிட்டை வைத்து அழுத்திப் பார்த்தார். நோட்டு மெதுவாக வாயைத் திறந்து பேப்பர் வெயிட்டைக் கீழே உருட்டிவிட்டது.

"ஏனுங்க டீச்சர், இது நோட்டுங்களா, போண்டாவுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. என் கோபம் மூக்கில் நிற்பதே இல்லை, நேராக வாய்க்கு வந்துவிடும். ஆனால் எங்கள் தலைமையாசிரியரிடம் சண்டை போடுவது கஷ்டம். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார், சாப்பிட்டாச்சா என்று கேட்பார், பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பார். அதற்குள் நாம் கொண்டுபோன கோபம் ஆறிப்போயிருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் எல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஒரு செய்தி போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் காகிதம் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகக் கணக்குப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்று எழுதி, கீழே கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தார். அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்கள் நிறையப் பேர். கணக்கு சாரும் அந்தப் பாடவேளையைக் கேட்டிருந்தார்.

"கூட்டம் வருதுங்க டீச்சர். அன்னிக்கு நோட்டை எல்லாம் மேசை மேல வெச்சிருங்க. பெத்தவங்க பாக்கட்டும். வேணும்னா இருக்கட்டும். வேண்டாம்னா கணக்குக்குக் குடுத்தர்லாமுங்க" என்றார்.

வாரம் முழுக்க இலக்கணம், மனப்பாடச் செய்யுள், வினா விடை என்று மாடு மாதிரி இழுத்துக்கொண்டு வருகிற எனக்கு, அந்த ஒரு பாடவேளைதான் மூச்சு விடுகிற இடம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று நான் நம்பினேன். அதைக் கணக்கு சாருக்குக் கொடுப்பதா? அவர் நல்ல மனிதர். மதியம் எனக்கு அவர் வீட்டுக் கொள்ளுப் பருப்பில் பங்கு உண்டு. அதற்காக வெள்ளிக்கிழமையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

நான் பிறந்தது கொடுமுடி. கல்யாணம் செய்துகொண்டு வந்தது துடியலூர். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் லேத்துப் பட்டறைகளிலும் பம்பு கம்பெனிகளிலும் இருப்பவர்கள். மீதிப் பேருக்குத் தடாகம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் தோட்டம், இரண்டு மாடு. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். சிறுகதைப் பாடம் நடத்தினாலும் கதைச் சுருக்கத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தக் கதை அவர்களை ஒன்றும் செய்திருக்காது. மழைக்கோட்டு மேல் விழுந்த மழை மாதிரி வழிந்து போயிருக்கும்.

இந்தக் கதை நோட்டு முறையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி ஒன்றில் சொல்லிக் கொடுத்தார்கள். நோட்டின் வலது பக்கம் ஆசிரியருக்கு, இடது பக்கம் பிள்ளைக்கு. வலது பக்கத்தில் நான் சொல்லும் குறிப்பு வரும். இடது பக்கத்தில் பிள்ளை தன் இஷ்டத்துக்கு எழுதலாம், வரையலாம், ஒட்டலாம். காகிதத்தை மடித்து ஒரு ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினால் அது திறந்து மூடும். மேலே ஒரு சொல், திறந்தால் உள்ளே அதற்கான விஷயம். பிள்ளைகள் அதற்குக் கதவு என்று பெயர் வைத்தார்கள், நோட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கதைக்கும் நாலு கதவு: யார், எங்கே, சிக்கல், முடிவு. வேறொருவர் எழுதிய கதையை இந்தக் கதவுகளில் பிரித்துப் போட்டுப் பழகிய பிறகு, சொந்தமாக ஒரு கதை எழுத வேண்டும். அதுதான் என் திட்டம்.

சாதாரணத் தாளில் கதவு செய்தால் இரண்டாம் நாளே கிழிந்துவிடும். தடித்த அட்டை வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. முகூர்த்த மாதம் முடிந்தால் வீட்டுக்கு ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை சேர்ந்துவிடும், தூக்கிப் போடவும் மனசு வராது. பிள்ளைகள் அதைத்தான் வெட்டிக்கொண்டு வந்தார்கள். 'சிக்கல்' என்று எழுதிய கதவைத் திறந்தால் உள்பக்கம் தங்க எழுத்தில் மணமகன், மணமகள், இரு வீட்டார் அழைப்பு. அதைப் பார்த்த கணக்கு சார், பொருத்தமாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்றார்.

சொந்தக் கதை எழுதச் சொன்ன முதல் வெள்ளிக்கிழமைதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒருவன் திருடன் கதை எழுதியிருந்தான். கூரை ஓட்டைப் பிரித்து இறங்குகிறான் திருடன். நன்றாகத்தான் போகிறது. இறங்கியதும் வீட்டுக்காரம்மா எழுந்து 'வாங்க' என்கிறார். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கிறார். குடித்துவிட்டுத் திருடன் திருந்திப் போய்விடுகிறான். கதை முடிந்தது. இன்னொருத்தி யானைக் கதை எழுதியிருந்தாள். மலையிலிருந்து இறங்கிய யானை வாழைத் தோட்டத்துக்குள் நுழைகிறது. தோட்டத்துக்காரர் தொட்டியில் தண்ணீர் திறந்து விடுகிறார். யானை குடித்துவிட்டு வந்த வழியே போகிறது. ஒரு பேய்க் கதை இருந்தது. அதில் பேயிடம் காபியா டீயா என்று கேட்கிறார்கள். முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அதையும் கேட்கிறார்கள்.

அத்தனை நோட்டிலும் சிக்கல் கதவுதான் ரொம்ப அழகாக இருந்தது, சரிகை ஒட்டி, மயில் படம் ஒட்டி. திறந்து பார்த்தால் ஒரே வரி. வந்தார்கள், தண்ணீர் கொடுத்தோம், போய்விட்டார்கள்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு வந்தாலும் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லத் தவறினாலும் அடுத்த கல்யாணம் வரைக்கும் அது பேச்சாக இருக்கும். அடுத்தது தண்ணீர். குடித்து முடித்த பிறகுதான் எதற்கு வந்தீர்கள் என்றே கேட்கலாம். நானே அப்படித்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் பையன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கை தானாகப் போய்ச் சொம்பை எடுத்து நீட்டியது. அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரையா குடிக்கிறீர்கள் என்று ஆரம்பித்தான். அரைமணி நேரம் என் தண்ணீரையே எனக்கு எதிராகப் பேசினான்.

ஆனால் கதைக்கு அது ஆகாது. கதையில் ஒரு கஷ்டம் வந்தால் அது கொஞ்ச நேரம் வாசலில் நிற்க வேண்டும். நின்றால்தான் உள்ளே இருப்பவர் யார் என்று தெரியும். உடனே உபசரித்து அனுப்பிவிட்டால் ஒன்றும் தெரியாது. இதை நான் விதவிதமாக விளக்கிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை புலிக்கு மோர் கொடுத்திருந்தார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: சிக்கல் கதவுக்குள் யாருக்கும் தண்ணீர் கிடையாது. 'வாங்க' கிடையாது.

முதல் நாள் விடுதியில் விடப்பட்ட பிள்ளைகள் மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியாக, இரட்டைச் சடையாக இருப்பாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நிறுத்த மாட்டாள். வாட்ஸப்பில் கும்பிடும் கை போட்ட கழகத் தலைவரின் மகள் அவள்தான்.

"அதெப்படிங்க மிஸ்? வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காட்டி அந்த ஊட்டுல இருக்கறவங்க கெட்டவங்கன்னு ஆயிருமுங்களே."

"ஆகட்டும். கதையில கெட்டவங்களும் இருப்பாங்கல்ல?"

"கெட்டவங்களே குடுப்பாங்க மிஸ். எங்க பக்கத்தூட்டுக்காரங்க எங்கம்மா கூடப் பேச மாட்டாங்க. ஆனா தண்ணி குடுப்பாங்க."

வகுப்பே ஆமாங்க மிஸ் என்றது. நான் விடவில்லை. "அப்ப நீயே எழுது. தண்ணி கேட்டும் குடுக்க முடியாத மாதிரி ஒருத்தர் வந்தா எப்படி இருக்கும்னு எழுது" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அன்று மணி அடிக்கும்போது அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வீட்டு நாய். பால் வண்டி ஓட்டுகிற ஒருவர் அதை அடித்துவிட்டு நிறுத்தாமல் போய்விடுகிறார். வெயிலில் ரோட்டோரம் கிடந்து செத்த நாயை வீட்டுக்காரர்கள் எடுத்துவந்து வேப்ப மரத்தடியில் புதைக்கிறார்கள். மறுநாள் மதியம் வீட்டில் அந்த வீட்டுச் சின்னப் பெண் மட்டும் இருக்கிறாள். கேட்டுக்கு வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். எட்டிப் பார்த்தால் அதே பால் வண்டிக்காரர். நடந்து வந்திருக்கிறார், சட்டை முழுக்க வியர்வை. அவர் கேட்கிறார்: 'கொஞ்சம் தண்ணி குடு கண்ணு.' கதை அதோடு நின்றது. உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஒரு பூனை இருக்கிறது, அது யார் வந்தாலும் ஓடிப்போய்விடும் என்றாள். எல்லாம் அவள் தலையிலிருந்து வந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. இறங்கியது. ஆனால் சாப்பிடும்போது அந்த மனிதர் கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.

மற்ற பிள்ளைகளும் அன்றைக்குத்தான் சிக்கல் கதவுக்குள் முதல்முறையாக நிஜமாகவே எழுதியிருந்தார்கள். திருடன் ஓட்டின்மேலேயே இருந்தான். யானை வாழைத் தோட்டத்தைப் பாதி முடித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு கதவு எழுதலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கணக்கு சார் டெஸ்ட் வைத்துவிட்டார். தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நான் வகுப்பு வாசலுக்குப் போனால் பிள்ளைகள் தலை குனிந்து பின்னங்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "இந்த ஒரு வாரந்தானுங்க டீச்சர்" என்றார். நான் திரும்பி நடந்துவிட்டேன். இனி அவர் வீட்டுக் கொள்ளுப் பருப்பைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம். கதைகள் எல்லாம் அரைகுறை. முடிந்த கதையாவது இருந்தால் படித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பார்கள், பாதியில் நிற்கிற கதையை வைத்துக்கொண்டு நான் எதை வாதாடுவது? ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் நோட்டை வைத்துவிட்டு, தோற்றுப்போன முகத்தோடு ஜன்னல் பக்கம் நின்றேன். தலைமையாசிரியரும் கணக்கு சாரும் வகுப்பு வாசலோரம் நின்றார்கள்.

கழகத் தலைவர் முதல் ஆளாக வந்தார். சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், விரல் இடுக்கில் கிரீஸ் இருந்தது. நோட்டைத் தொடும் முன் கர்ச்சீப்பை எடுத்துக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். அந்த ஒன்றுக்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. மகள் பக்கத்தில் நிற்க, அவள் பெஞ்சில் உட்கார்ந்தார், முழங்கால் உள்ளே போகவில்லை, ஒருக்களித்துக்கொண்டார். 'யார்' கதவைத் திறந்தார். 'எங்கே' கதவைத் திறந்தார். சிக்கல் கதவைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் மூடவே இல்லை.

பிறகு பக்கத்தைத் திருப்பினார். வெற்றுத் தாள். பசையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து நகத்தால் ஓரத்தைப் பிரிக்கப் பார்த்தார்.

"மிச்சம் எங்க கண்ணு?"

"இன்னும் எழுதலீங்கப்பா."

"ஏன்?"

"நேத்துக் கணக்கு டெஸ்ட்டுங்கப்பா."

அவர் நிமிர்ந்து கணக்கு சாரைப் பார்த்தார். கணக்கு சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"அந்தாளு தண்ணி கேட்டுட்டு நிக்கறாரே."

"ஆமாங்கப்பா. போன வாரத்துல இருந்தே நிக்கறாருங்க."

"சரி, எழுதாட்டிப் போகுது, வாயில சொல்லு. தண்ணி குடுத்தியா இல்லியா?"

"நான் இல்லீங்கப்பா. அந்தப் புள்ள."

"அந்தப் புள்ள குடுத்துச்சா?"

"எனக்கே தெரியலீங்கப்பா. எழுதுனாத்தான் தெரியும்."

இதைக் கேட்டதும் எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போட வேண்டும் போல் இருந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரிந்தது? நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவும் முடியாது.

அதற்குள் வகுப்பு முழுக்க இதே பேச்சுதான். திருடன் ஓட்டின்மேல் என்னதான் செய்கிறான் என்று ஒரு அம்மா மகனை உலுக்கிக்கொண்டிருந்தார். யானையை வாழைக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறாயே, பயிர் என்ன ஆகும் என்று ஒரு தோட்டக்காரர் நிஜமாகவே கவலைப்பட்டார். பிள்ளைகள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி, வெள்ளிக்கிழமைதான் தெரியுமுங்க என்றார்கள். மார்க் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

கழகத் தலைவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், சிக்கல்ல தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிப்போட்டீங்களாமா?"

"ஆமாங்க."

"அது தப்புங்க டீச்சர். என்ன கதையா இருந்தாலும் தண்ணின்னு கேட்ட மனுசனை நிக்க வெக்கறது தப்புங்க."

"உங்களுக்குக் கோபம் வருதுங்களா?"

"வருதுங்க."

"அப்ப கதை நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். வாய் முந்திக்கொண்டது. தலைமையாசிரியர் இருமினார்.

கடைசியில் தலைமையாசிரியரே ஒரு வழி சொன்னார். ஆரம்பித்த கதையைப் பாதியில் விட வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ஒன்று மட்டும் கதைக்கு, பிள்ளைகள் முடித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு கணக்கு. கழகத் தலைவர் அதற்குத் தலையாட்டினார். எல்லாரும் நியாயம் என்றார்கள். எனக்கு மட்டும் அது நியாயமாகப் படவில்லை. கூட்டம் முடிந்து நோட்டுகளை எடுத்து வைக்கும்போது கணக்கு சாரும் வந்து ஒரு கை பிடித்தார். அவர் முகமும் சரியாக இல்லை. "அந்த நாய்க் கதை என்ன ஆச்சுங்க டீச்சர்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்றேன்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்குள் போனதும் முன்பெஞ்சுப் பையன், "மிஸ், முடிவுல தண்ணி குடுக்கலாமுங்களா?" என்று கேட்டான். மொத்த வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"முடிவு உங்களுது. என்ன வேணும்னாலும் குடுங்க" என்றேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. எத்தனை நாள் தாகமோ. திருடனுக்கு இளநீரே கிடைத்தது. யானைக்குப் போர்வெல் திறந்துவிட்டார்கள். பேய் காபி குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டது. நான் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் படித்துச் சிரித்தேன். சிரித்தாலும் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் கொடுக்கும் முன் இந்தத் தடவை எல்லாரும் கொஞ்சம் யோசித்திருந்தார்கள். திருடனுக்கு இளநீர் சீவிக் கொடுத்த அம்மா அரிவாளை மட்டும் கீழே வைக்கவே இல்லை என்று அந்தப் பையன் எழுதியிருந்தான்.

இரட்டைச் சடைக்காரி மட்டும் இடது கையால் நோட்டைச் சுற்றி மறைத்துக்கொண்டு எழுதினாள். இரண்டு முறை அடித்துவிட்டு எழுதினாள். மணி அடித்ததும் கதவை மூடி நோட்டைப் பைக்குள் தள்ளிவிட்டாள். எனக்குக் காட்டவில்லை. கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை.

மாலையில் பள்ளி கேட்டுக்குப் போனால் கழகத் தலைவர் பைக்கை ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார். வழக்கமாக அவள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு நடந்து போவாள். அவர் பட்டறையை விட்டு அந்த நேரத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகளைச் சாலை தாண்டி அனுப்பிக்கொண்டு தலைமையாசிரியரும் நின்றார். நான் குடையை மடிப்பது போல் பக்கத்திலேயே நின்றேன். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"குடு கண்ணு" என்று நோட்டை வாங்கினார். பைக் சீட்டில் வைத்து முடிவு கதவைத் திறந்து, மெதுவாக, கொஞ்சம் சத்தமாகவே படித்தார்.

'அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் அந்தத் தண்ணீரை வாசலில் இருந்த நாய்ச் சட்டியில் ஊற்றினாள். சட்டி நிறைந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள். அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.'

அவர் கதவை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். வேறு வரி இருக்கிறதா என்று தேடினார் போலிருக்கிறது. எனக்குக் கண் கரித்தது. அதை மறைக்கக் குடையை விரித்தேன்.

"ஏங்கண்ணு, செத்த நாய்க்கு எதுக்குத் தண்ணி?"

"நாய்க்கு இல்லீங்கப்பா. அவரு பாக்கோணும்னு."

"பாவம் கண்ணு. வெயில்ல நடந்து வந்திருக்காரு."

"நாயும் வெயில்லதானுங்கப்பா கெடந்துச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. இது சரிங்களா?"

"என்னைக் கேக்காதீங்க. கதை உங்க பொண்ணோடது."

"அந்தாளு எதுக்கு வந்தாருன்னே சொல்லலீங்களே. மன்னிப்புக் கேக்க வந்தாரோ என்னமோ. ஒரு வார்த்தை பேச வுடாம இவ பாட்டுக்கு உள்ள போயிட்டா எப்படிங்க? அவரு மறுக்கா வரோணுமுங்க. வந்து பேசோணும்."

"வந்தா அவ எழுதுவா."

"எப்ப எழுதுவா?"

நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் தயங்கிக்கொண்டே, "இனி வெள்ளிக்கிழமை கணக்குன்னு பேசுனமுங்களே" என்றார்.

கழகத் தலைவர் நோட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கழுத்துக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். "கணக்கை நான் ஊட்டுல போட வெச்சுக்கறனுங்க. வாய்ப்பாடெல்லாம் எனக்கு வருமுங்க. அந்தாளை இப்படியே வுட்டுப்போட்டுப் போக முடியாதுங்க. வெள்ளிக்கிழமை கதையே இருக்கட்டும்" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. என் வாய் வேலை செய்யாமல் போனது அன்றைக்குத்தான்.

அவள் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். வருத்தம் இருக்கப்போய்த்தானே அவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்றார் அப்பா. வருத்தம் இருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்தியிருப்பார் என்றாள் மகள். பயந்திருப்பார் என்றார். நாய் பயப்படவில்லையா என்றாள். இல்லாத ஒரு மனிதருக்காக அப்பாவும் இல்லாத ஒரு நாய்க்காக மகளும் சத்தம் போட்டுக்கொண்டே மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.